பக்கவாத நோயாளருக்கு அமிலத் தடுப்பு மருந்து: யாருக்கு, எதுவரை?

பக்கவாதம் மூளையின் நோயாயினும், அதன் தீங்கு சிலருக்கு இரைப்பையிலும் தோன்றுவதுண்டு. மூளை நோய்க்கும் இரைப்பைப் புண்ணுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-ஆம் ஆண்டில் விளக்கினார். மூளை கடுமையாகப் பழுதுறுங்கால் வேகஸ் நரம்பு தூண்டப்பெற்று அமிலம் மிகலாம். இரைப்பையின் உட்சுவருக்குச் செல்லும் இரத்தமும் குறையலாம். அதனால் புண் உண்டாகி இரத்தம் கசியக்கூடும். இதைத் தடுக்கவே பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. இவை அமிலத்தை வெளியேற்றும் உயிரணுக்களின் செயலை அடக்குகின்றன.

ஆயினும் இம்மருந்து பக்கவாதமுற்ற அனைவருக்கும் தேவையன்று. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 4,821 நோயாளரிடம் நடந்து, 2024-இல் வெளியான ஆய்வில், பான்டோபிரசோல் பெற்றோருள் 100-க்கு 1 பேருக்கும், பெறாதோருள் 100-க்கு 3.5 பேருக்கும் கடும் இரத்தக்கசிவு நேர்ந்தது. ஆகவே இத்தகையோர்க்கும், முன்பே இரைப்பைப் புண் கண்டவர்க்கும், ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் ஒருங்கே உண்ணும் முதியோர்க்கும் இம்மருந்து பயன் தரும். இவ்வித ஆபத்து ஏதுமின்றி, இயல்பாக உண்ணக்கூடியவர்க்கு வழக்கத்தின் பொருட்டு மட்டும் அளித்தல் தகாது.

அமிலம் நுண்கிருமிகளைக் கொல்லும் காவலனுமாகும். அது குறைந்தால் குடல் தொற்று மிகலாம். விழுங்க இயலாத பக்கவாத நோயாளரிடம் நிமோனியாவுக்கும் இம்மருந்துக்கும் தொடர்பிருக்கலாமெனச் சில ஆய்வுகள் ஐயுறுகின்றன. ஒமிபிரசோல், குளோபிடோகிரலின் ஆற்றலைக் குறைக்கும். மீண்டும் பக்கவாதம் வாராது காக்கும் மருந்தே வலுவிழப்பது சிறு தீங்கன்று.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மறையூர், மூணாறு முதலிய எல்லைப் பகுதிகளில், தமிழகத்து மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று ஊர் திரும்புவோர் உண்டு. அவர்களைப் பின்னர்ப் பார்ப்பவர் வேறு மருத்துவராயின், சில நாட்களுக்கென எழுதப்பட்ட மாத்திரை காரணமறியாமலே பல மாதம் நீடிக்கலாம். எனவே வீடுதோறும் செல்லும் ஊழியர், மருந்துச் சீட்டைக் கேட்டுப் பார்த்து மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்: மாத்திரை எக்காரணத்திற்கு, எதுவரை, வேறு எம்மருந்துகளுடன்? விடையில்லாதவற்றை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஊழியரோ குடும்பத்தாரோ தாமாக எம்மருந்தையும் நிறுத்தலாகாது. வயிறு எரிகிறதென்று ஆஸ்பிரினை நிறுத்துவது பெருங்கேடாக முடியலாம்.

தார்போன்ற கருமலம், காப்பித்தூள் போன்ற வாந்தி, திடீர் வெளிறல், மயக்கம் ஆகியவை இரத்தக்கசிவின் குறிகள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எனினும் ஐயமிருப்பின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக.

ஆசிரியர்கள் இப்பாடத்தை முடிக்குங்கால் மாணவர் மனத்தில் பதியவேண்டியது இதுவே: காக்கும் மருந்துக்கும் காரணம் வேண்டும், காரணம் தீர்ந்தபின் அதற்கு முடிவும் வேண்டும்.