உத்திரமேரூர்க் கல்வெட்டும் காவற் சட்டமும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், ஊர்ச்சபையார் தம் தேர்தல் விதிகளை இதன் சுவரிற் பொறித்தனர். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். இதுவே குடவோலை முறை. தேர்வு பெறுவோர் தம் மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும் என்பதும், முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதார் தகுதியற்றவர் என்பதும் அவ்விதிகளுட் சில. சுவரே ஏடாதலின், சுவர் பழுதுற்றால் ஏடும் பழுதுறும்.

இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. இத்தகைய சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். ஆனால், கல்லை மட்டும் காத்தால் போதுமோ? அருகில் ஆழமாகக் கடைக்கால் தோண்டினால் பழஞ்சுவர் நிலைபெயரக்கூடும். மாடிகள் எழுந்தால் கோயில் மறையும். ஆதலால், காக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் எழுப்பலாகாது என 2010ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுவோர் இசைவு பெறுதல் வேண்டும்.

அன்று சொந்த வீடுடையாரைத் தேடிய சுவர், இன்று அண்டை வீடுகளுக்கு வரம்பு கட்டுகின்றது! அங்கு வாழ்வோர்க்கு இது சுமையே. அதனை மறுத்தல் நேர்மையன்று. எனினும், முன்பே உள்ள வீட்டைச் செப்பனிடுதற்குச் சட்டம் வழி வைத்துள்ளது. உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து இசைவு பெறலாம்.