புதுவையும் இரு புதினங்களும்

மாணாக்கர்களே! ஒரு நகரத்தின் வரலாறு எங்கே வாழ்கின்றது? கோட்டை கொத்தளங்களில் என்பர் சிலர். கல்வெட்டுகளில் என்பர் வேறு சிலர். கோட்டை இடிந்து கல்லும் சிதைந்த பின்னர் அந்நகரை யாங்ஙனம் காண்பது?

மத்தியதரைக் கடற்கரையில் அலெக்சாந்திரியா என்னும் பழம்பெருந் துறைமுகம் உளது. லாரன்சு டரல் என்னும் ஆங்கில எழுத்தாளர் அதனைக் களமாகக் கொண்டு, 1957 முதல் 1960 வரை நான்கு புதினங்களை வெளியிட்டார். முதல் மூன்றும் ஒரே காலத்து நிகழ்ச்சிகளை வெவ்வேறு நோக்கிற் காட்டுவன. நான்காவதில்தான் காலம் மேற்செல்கின்றது. அமைப்பு வியக்கத்தக்கதே. ஆயினும், அவற்றில் முன்னிற்போர் பெரும்பாலும் அயலவரும் செல்வருமே ஆவர். எகிப்திய எளிய மக்கள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றனர். இஃது எனக்குக் குறையாகவே தோன்றுகின்றது.

நிற்க. நம் நாட்டிலும் அத்தகைய துறைமுகம் ஒன்றுண்டு, அதுவே புதுச்சேரி. அதனையடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இரு கடல்களுக்கும் இடையே இருந்த உறவு பழையது அன்றோ?

அதே 1945-இல் புதுவையிற் பிறந்து, கரந்தையில் தமிழ் பயின்றவர் பிரபஞ்சன். அவர் தம் ஊரைக் களமாக்கி 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என இரு புதினங்களை யாத்தார். முன்னது ஆளுநர் துய்மா காலத்தது. பின்னது துய்ப்ளே காலத்தது. பின்னதற்கு 1995-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

இவற்றுக்கு அடிப்படை ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. பிள்ளை 1709-இல் பெரம்பூரிற் பிறந்தவர். அவ்வூர் யான் வாழும் காத்திவாக்கத்திற்குத் தொலைவில் இல்லை. அதனால் எனக்கு அவர்மீது சிறிது உரிமையும் உண்டு! புதுவையில் வணிகராய் வளர்ந்து, துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாய் உயர்ந்த அவர், 1736 முதல் 1761 வரை கண்டதும் கேட்டதும் எழுதி வைத்தார். கப்பல் வரவு, துணி விலை, அரண்மனைச் சூழ்ச்சி, ஊர்வம்பு யாவும் அதில் உள. நடையோ பேச்சுத் தமிழ். இலக்கணம் பார்ப்பவர் முகஞ்சுளிப்பர். யானும் முதலிற் சுளித்தேன். பத்துப் பக்கம் கடந்தபின் நூலைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்ட வேளையில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநரின் வலக்கை போன்றிருந்த பிள்ளையால் அதனைத் தடுக்க இயலவில்லை, எழுதத்தான் முடிந்தது. நாட்குறிப்பு நிகழ்ந்ததைக் கூறும். அதிகாரத்தின் அருகிருந்தும் ஆற்றலற்று நின்றவன் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வினவுவது புதினம். பெரியோர் குறிப்பில் ஒரு வரியாய் வந்துபோகும் தாசியரும் எளியோரும் அங்கே வாய்திறந்து பேசுகின்றனர். டரலின் நகரில் ஓரத்தில் நின்றோர் பிரபஞ்சனின் நகரில் நடுத்தெருவிற்கு வருகின்றனர்.

பிள்ளை 1761 சனவரி 12-ஆம் நாள் மறைந்தார். நான்கு நாட்கள் கழித்துப் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர் கோட்டையைத் தகர்த்து, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியையும் தரைமட்டமாக்கினர். ஏடுகளோ தப்பின, 1846-இல் அவை வெளிப்பட்டுப் படியெடுக்கப்பட்டன. பிள்ளை வாழ்ந்த மாளிகையும் புதுவையில் இன்றும் உளது. விடுமுறையில் அங்குச் செல்வீராயின், அப்புதினங்களைப் படித்தபின் செல்லுங்கள்.