தாம்பூலப் பையிலிருந்து தொடங்குங்கள்

ஸ்கிரீன் பிரிண்டிங் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மெஷின் விலையைத்தான். ஆனால் இந்தத் தொழிலில் லாபமா நஷ்டமா என்பது, இங்க் துணியைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. டிசைன் போடுவது, பிலிம் எடுப்பது, கோட்டிங், எக்ஸ்போஸ் எல்லாமே பத்துப் பை அடித்தாலும் ஆயிரம் பை அடித்தாலும் ஒரே செலவு, ஒரே நேரம். ஆகவே கைப்பணத்தையும் கவனத்தையும் முதலில் ஸ்கிரீன் தயாரிப்பில் போடுங்கள். மெஷின் பிறகு வரட்டும்.

எதில் தொடங்குவது? துணிப்பை என்பேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பை எப்போதும் உண்டு. ஒரே கலர், பெரிய எழுத்து, தட்டையான துணி என்பதால் கை பழக இதைவிட நல்லது இல்லை. ஒரு கலர் மட்டும் என்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரே என்று கேட்கலாம். சிலர் போவார்கள்தான். ஆனால் இரண்டு கலருக்கு இரண்டு ஸ்கிரீன் வேண்டும். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பிசகினால் பையின் விலையும் உங்கள் தலையில்தான். கை படியும்வரை அந்த ஆர்டர்களை அனுபவமுள்ள யூனிட்டில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

இனி ஸ்கிரீன். மரச்சட்டம் மலிவு, ஆனால் கழுவிக் கழுவி முறுக்கிக்கொள்ளும். அலுமினியச் சட்டம் வாங்குங்கள். துணிக்கு 43டி அளவிலான மெஷ் போதும். காகிதத்துக்குரிய 120டி நெருக்கமான மெஷ், அதில் பிக்மென்ட் இங்க் துணிக்குத் தேவையான அளவு இறங்காது. மெஷ்ஷின் மேல், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசுவதே கோட்டிங். பழைய முறையில் அதில் பைகுரோமேட் கலப்பார்கள். அதிலுள்ள குரோமியம் தோலுக்கும் நுரையீரலுக்கும் கேடு, சாக்கடையில் கலந்தால் ஊருக்கும் கேடு. சற்று விலை கூடினாலும் அது இல்லாத எமல்ஷனையே வாங்குங்கள். மஞ்சள் விளக்கில் கோட்டிங் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு சோதனை ஸ்கிரீன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிலிமை வைத்து, கறுப்பு அட்டையைப் பட்டை பட்டையாக நகர்த்தினால் ஒவ்வொரு பட்டையும் வேறு வேறு நேரம் வெளிச்சம் வாங்கும். கழுவியதும் தமிழ் எழுத்தே பதில் சொல்லிவிடும். வெளிச்சம் கூடிய இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி திறக்காது. குறைந்த இடத்தில் மூன்று சுழி ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் எமல்ஷன் கழன்று, அடிக்கும்போது சுழி அடைத்துப்போகும். இரண்டும் சரியாக நிற்கும் பட்டையின் நேரத்தைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். பிறகு ஸ்கிரீனை வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் எமல்ஷன் தொட்டு அடைத்துவிடுங்கள். இதை விட்டால் நூறு பையிலும் அதே இடத்தில் இங்க் பொட்டு விழும்.

அடிப்பது ஒப்பீட்டில் எளிது. ஸ்கிரீனுக்கும் துணிக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, ஒரே அழுத்தத்தில் ஒரே இழுப்பு. தண்ணீர் சார்ந்த இங்க் என்றால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். பலர் கோட்டை விடுவது கியூரிங்கில், அதாவது இங்க்கைச் சூடேற்றித் துணியில் நிலைக்க வைப்பதில். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் கியூர் ஆனதாக அர்த்தமில்லை. பெரும்பாலான பிக்மென்ட் இங்க்குகளுக்கு 150 டிகிரி செல்சியஸ் அளவில் சில நிமிடச் சூடு வேண்டும். சரியான கணக்கு டப்பாவில் இருக்கும். காடாத் துணியில் கஞ்சி மிகுந்திருந்தால் இங்க் கஞ்சியில்தான் பிடிக்கும், நூலில் பிடிக்காது. எனவே ஒவ்வொரு புதுத் துணிக்கும் ஒரு பையை அடித்து, சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்த பிறகே ஆர்டர் எடுங்கள்.

ரேட்டிலும் இதே கணக்குதான். உதாரணத்துக்கு, பிலிமும் ஸ்கிரீனும் சேர்ந்து 400 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 50 பை ஆர்டரில் ஒரு பைக்கு 8 ரூபாய் விழுகிறது; 500 பை என்றால் வெறும் 80 பைசா. ஒரே ரேட் சொன்னால் சின்ன ஆர்டரில் கைப்பணம் போகும், பெரிய ஆர்டர் போட்டியில் போகும். ஸ்கிரீன் சார்ஜைத் தனியாகச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் மறுமுறை அதே டிசைனுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்றால் அதுவே அவரைத் திரும்ப வரவழைக்கும். பிலிமில் டிஜிட்டலாக அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றும் டிடிஎஃப் வந்த பிறகு ஸ்கிரீனுக்கு இடமேது என்பவர்களுக்கும் இந்தக் கணக்கே பதில். பத்துப் பீஸ், பல வண்ணப் புகைப்படம் என்றால் டிடிஎஃப்தான் சரி, அதை எதிர்த்து நிற்க வேண்டாம். எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறும்போது, ஒற்றைக் கலரில் ஸ்கிரீனின் விலையை அதனால் எட்டிப்பிடிப்பது கடினம்.

பெயர், தேதி, மண்டபம் எல்லாவற்றையும் அச்சுப்படியில் காட்டிக் கையெழுத்து வாங்காமல் பிலிம் எடுக்காதீர்கள். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி பை கைமாறும்போது. கடைகளும் கம்பெனிகளும் கடன் கேட்கும். அதற்குக் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கைகொடுக்கும், ஆன்லைனில் இலவசம். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லையென்றால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. ஆடி பிறக்கும் முன்பே ஜவுளிக்கடை, பலகாரக் கடைகளில் ஏறி இறங்கி, தீபாவளிப் பைக்கான ஆர்டரைப் பிடிக்கப் பாருங்கள்.