தடை உத்தரவை மீறிய கணவர்: எட்டு மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள்?

கேள்வி: குடித்துவிட்டு அடிக்கும் கணவர் மீது குடும்ப வன்முறைச் சட்டத்தில் வழக்குப் போட்டு, அவர் என்னை நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு வாங்கினேன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு அங்கேயும் வந்து, கதவை உடைத்து என்னை அடித்தார். ஸ்டேஷனில், "குடும்பப் பிரச்னை, கோர்ட்ல பாத்துக்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் சமாதானம் பேசியதால் விட்டுவிட்டேன். இந்த ஜூனிலிருந்து மகளின் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார். உத்தரவு நகல் என்னிடம் இல்லை. பழைய வக்கீலிடம் இருக்கலாம். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: எல்லாம் எழுதிய நீங்கள், உத்தரவில் என்ன வாசகம் இருக்கிறது என்பதை எழுதவில்லை. உங்கள் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

ஜீவனாம்சம், குடியிருக்கும் உரிமை, குழந்தையின் பொறுப்பு என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பல உத்தரவுகள் உண்டு. பிரிவு 18-இல் வருவது பாதுகாப்பு உத்தரவு. உங்களுடையது அதுவானால், இடைக்கால உத்தரவாக இருந்தாலும், மீறுவது குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். ஆகவே ஸ்டேஷனில் உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு. அடித்ததற்குச் சாட்சி இல்லையே என்று கலங்க வேண்டாம். உங்கள் ஒருவருடைய சாட்சியத்தை நம்பியே கோர்ட் முடிவுக்கு வரலாம் என்கிறது பிரிவு 32.

ஆனால் நகல் இல்லாமல் எதைக் காட்டி வாதாடுவது? கோர்ட் இலவசமாகத் தரவேண்டிய நகல் அது; ஸ்டேஷனுக்கும் ஒன்று போக வேண்டும். போனதா என்று நீங்கள் கேட்கவே இல்லை. உயிருக்குக் காவலாக வாங்கிய காகிதம் யாரிடம் இருக்கிறதென்றே தெரியாமல் இருக்கலாமா, அம்மா? அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குப் போனீர்களா? எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கினீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. சமாதானம் பேசிய பெரியவர்கள் நாளைக்குக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லப் போவதில்லை.

இந்தத் தாமதம் ஆபத்தானது. நிவாரண மனுவுக்குக் காலக்கெடு கிடையாது என்று காமாட்சி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரவை மீறிய குற்றத்துக்கு அப்படியல்ல. மீறிய நாளிலிருந்து ஓராண்டுதான். எட்டு மாதம் போய்விட்டது. பண்டிகைத் தேதி ஆண்டுதோறும் மாறும். அடுத்த தீபாவளி வரை நேரமிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

பள்ளி விஷயம் வேறு. உத்தரவில் பள்ளியின் பெயர் இல்லையென்றால், அங்கே நிற்பதை மீறலாகக் காட்டுவது கடினம். சூழ்நிலை மாறிவிட்டது என்று பிரிவு 25-இன்கீழ் மனுப் போட்டு அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

உத்தரவைப் படிக்காமல் இதற்கு மேல் நான் சொல்வது முறையாகாது. இந்த வாரமே கோர்ட்டில் நகலுக்கு மனுக் கொடுங்கள். அது கையில் வந்ததும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். கணவர் மறுபடி கதவைத் தட்டினால் யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம், 181-ஐ அழையுங்கள்.