கொலுசைக் கழற்றிவிட்டு எடை போடுங்கள்

பால்வாடி வாசல்: கேள்வி-பதில்

(அரியலூர், பெரம்பலூர் மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அங்கன்வாடிப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர். இன்றும் ஊர் ஊராகத் தாய்மார் கூட்டம் நடத்தி வருகிறார்.)

பால்வாடியில் தரும் சத்துமாவை என் மகன் தொடுவதே இல்லை. வீணாகக் கூடாதே என்று கறவை மாட்டுக்கு வைக்கிறோம். தவறா?
– ஒரு தாய், வேப்பந்தட்டை

மாடு நன்றாகக் கறக்கிறதா? அந்தப் பாலாவது பிள்ளைக்குக் கிடைக்கிறதா, விடிவதற்குள் சொசைட்டிக்குப் போய்விடுகிறதா?

மாவில் குறையில்லை அம்மா, காய்ச்சுவதில்தான் குறை. ஒரு சொம்புத் தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் மாவைக் கலக்கி, கஞ்சி என்று பெயர் வைத்தால் பிள்ளை துப்பத்தான் செய்யும். அதன் வயிறு அதன் கைப்பிடி அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோறு எங்கே போகும்? கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகி ஓடக் கூடாது, மெல்ல நழுவி விழ வேண்டும். இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். மாவிலேயே வெல்லம் இருக்கிறது, சர்க்கரை போடாதீர்கள். பல் முளைத்த பிள்ளைக்குக் கொழுக்கட்டையாகப் பிடித்து, தேங்காய்ப்பூ தூவிக் கையில் கொடுங்கள். மாட்டுக்குப் புண்ணாக்கு போதும்.

வெயில் காலத்திலும் பால்வாடியில் வாரம் மூன்று முட்டை போடுகிறார்களே, சூடு பிடிக்காதா?
– ஒரு தாத்தா, ஜெயங்கொண்டம்

பிடிக்காது. பேரன் முட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பெரியவர்கள் கை வைக்காமல் இருந்தால் போதும்.

வாரணவாசியில் முதலமைச்சர் வந்து கொடுத்தாரே, அந்த ஊட்டச்சத்துப் பெட்டகம் என் மருமகளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கும் நாலு மாதக் குழந்தை இருக்கிறது. யாரைப் பிடிக்க வேண்டும்?
– ஒரு மாமியார், கீழப்பழுவூர்

யாரையும் பிடிக்க வேண்டாம். பேரப் பிள்ளையைத் தூக்கிப்போய்த் தராசில் வையுங்கள்.

புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிற அதே வாரணவாசியில், 2024 நவம்பர் 15 அன்று தொடங்கியது ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம். முதல் கட்டம் 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கியது. இரண்டாம் கட்டப் பெட்டகம், பிறந்து ஆறு மாதத்துக்குள் எடை மிகவும் குறைந்திருக்கும் குழந்தையின் தாய்க்கு. அந்த வயதில் பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் சாப்பாடு, ஆகவே தாய்க்குத்தான் நெய்யும் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும். உங்கள் பேரன் நல்ல எடையில் இருப்பதால் பெட்டகம் வரவில்லை என்றால், அதற்குச் சர்க்கரைப் பொங்கல் வையுங்கள்.

பெட்டகம் வந்த வீட்டுக்கு ஒரு வார்த்தை. காலையில் வந்த பேரீச்சம்பழம் சாயங்காலத்துக்குள் ஆறு பேர் வாய்க்குள் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருமகள் எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற வீட்டில் எந்தப் பெட்டகமும் வேலை செய்யாது.

என் மகளுக்குப் பதினாலு மாதம். மூன்று மாதமாக எடை எட்டுக் கிலோவிலேயே நிற்கிறது. டீச்சர், ‘பச்சையில்தான் இருக்கு, பயப்படாதே’ என்கிறார். பயப்படலாமா?
– ஒரு தாய், தா.பழூர்

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பத்தியை எழுத ஒப்புக்கொண்டேன். மற்றவர்களும் படியுங்கள்.

எடை அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்பதெல்லாம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது, மாதாமாத எடைகளை இணைக்கும் கோடு. பஸ் சரியான ரோட்டில்தான் நிற்கிறது, ஆனால் மூன்று மாதமாக நகரவில்லை என்றால் அதில் உட்கார்ந்திருப்பீர்களா? இந்த வயதில் மாதம் சுமார் இருநூறு கிராமாவது ஏற வேண்டும். மூன்று மாதத்தில் அரைக் கிலோவுக்கு மேல். உங்கள் மகள் பச்சையில் நின்றுகொண்டே மஞ்சளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

இதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்ததில் நம் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கிக் கடனில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எந்தப் பிள்ளையின் எடை ஏறவில்லையோ அதற்குத் தொண்ணூறு நாள் மையத்திலேயே சத்து உருண்டை. தேறினால் நிறுத்தம், தேறாவிட்டால் ஆஸ்பத்திரி. ஏழையா பணக்காரரா என்பதைவிடத் தராசு என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. கூடவே ஊர்ப் பெண்கள் குழு ஒன்று இருந்தது. எடை போடும் நாளில் பிள்ளைகளைக் கூட்டிவருவது, தாய்மாரிடம் பேசுவது, சில ஊர்களில் உருண்டை பிடித்துக் கொடுப்பதுகூட அவர்கள் வேலைதான்.

இன்று தராசு நன்றாகிவிட்டது. அன்று மரக்கிளையில் கட்டிய தொங்கு தராசு, இன்று எண் காட்டும் மின் தராசு. பேச்சுதான் போய்விட்டது. பிள்ளையை வைக்கிறோம், எண்ணைப் போனில் ஏற்றுகிறோம், ‘சரி, கூட்டிட்டுப் போ’. தாய்க்குச் சொல்லாத எடை எடையே இல்லை.

கொள்ளிடக் கரை ஊர் ஒன்றில் வேப்ப மரத்தடியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையன், போன மாதமும் ஏழே முக்கால், இந்த மாதமும் ஏழே முக்கால். நான் புரதம், கொழுப்பு என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவி ஒருத்தி குறுக்கே புகுந்து, ‘ஏண்டி, பதினஞ்சு நாளா கடலை பிடுங்கப் போனியே, பிள்ளைக்கு யாரு சோறு ஊட்டினது?’ என்றாள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, மூக்கை உறிஞ்சினாள். எட்டு வயது அக்காக்காரி ஊட்டியிருக்கிறாள். ரெண்டு வாய் ஊட்டிவிட்டு விளையாடப் போய்விட்டிருக்கிறாள். என் பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சோற்றை அந்தக் கிழவியே ஊட்டினாள். அடுத்த மாதம் எட்டே கால்.

அதனால்தான் சொல்கிறேன், எடை போடும் நாள் ஊர் கூடுகிற நாளாக இருக்க வேண்டும். எடையை வாய்விட்டுப் படியுங்கள், போன மாத எடையையும் சேர்த்துப் படியுங்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒரு தாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றுங்கள். அதைவிட முக்கியம், வெள்ளி அரைஞாணையும் கொலுசையும் கழற்றுங்கள். தாய்மாமன் சீர் செய்த மாதம் பிள்ளை எடை கூடிவிட்டது என்று மகிழ்ந்த மையங்கள் எனக்குத் தெரியும். வளர்ந்தது வெள்ளி.

உங்களுக்கு, அம்மா: தாய்ப்பாலோடு சேர்த்து ஒரு நாளைக்கு அஞ்சு வேளை கொடுங்கள். ஒவ்வொரு வேளையிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் இருக்கட்டும். பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று நர்சம்மாவிடம் கேளுங்கள். இந்த வயதுக்கு அல்பெண்டசோல் அரை மாத்திரை, நசுக்கித் தண்ணீரில். அடுத்த மாதமும் கோடு எழும்பாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள். பயம் வேண்டாம், நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் இளைஞர் மன்றம் பால்வாடிச் சுவரில் கார்ட்டூன் படங்கள் வரையத் திட்டமிட்டிருக்கிறது. எந்தக் கார்ட்டூன் வரையலாம்?
– மன்றச் செயலாளர், செந்துறை

தம்பி, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? சின்னப் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் சோப்பு இருக்கிறதா? சமையலறை ஓட்டில் ஒழுகுகிறதா? முதலில் டீச்சரிடமும் ஆயாவிடமும் போய், ‘என்ன வேணும்?’ என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலில் கார்ட்டூன் பத்தாவதாக வந்தால் அப்போது வரையுங்கள். அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிந்த மாடு, மயில், முந்திரிப்பழம். திறப்பு விழாவும் பேனரும் வேண்டாம். அந்தப் பணத்தில் ரெண்டு முருங்கைக் கிளை நட்டு, ஆடு மேயாமல் வேலி போடுங்கள்.

முந்திரிக் காட்டுக்கு வேலைக்குப் போகிறேன். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுகிறேன். மனசு அறுக்கிறது. வேறு வழி உண்டா?
– ஒரு தாய், ஆண்டிமடம்

மனசு அறுக்கிற வரைக்கும் நீங்கள் நல்ல தாய்தான். ஆனால் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் படிப்பைக் கொடுக்க முடியாது. பத்து வயதுப் பெண் கைக்குழந்தைக்குத் தாய் ஆக முடியாது. அவளுக்குப் பசித்தால் அவள் அழுவாளா, அதன் அழுகையைக் கேட்பாளா?

காட்டுக்குத் தூக்கிப்போவதும் ஆகாது. கொட்டைப் பால் பட்டால் உங்கள் கைத்தோலே கொப்பளிக்கிறது, பிள்ளையின் கண்ணில் பட்டால்?

வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்பது நான் புதிதாகச் சொல்வதல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே காப்பகம் வேண்டும் என்று சொன்னது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், ஆறு வயதுக்கு உட்பட்ட அஞ்சு பிள்ளைகள் வேலையிடத்துக்கு வந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்க விடவேண்டும், அவளுக்கும் அதே கூலி என்று எழுதியது. அதே கணக்கை உங்கள் தெருவில் போடுங்கள். ஆறு பேர் காட்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, நிழலான ஒரு திண்ணையில், கிணறு இல்லாத வீட்டில், ஒரு பெரியவளை உட்கார வையுங்கள். தவழும் பிள்ளை மூன்றுக்கு மேல் ஒருத்தி கையில் கொடுக்காதீர்கள். சாப்பாடு ஊட்டுவது அவள் வேலை, தூங்க வைப்பது மட்டும் அல்ல. ரெண்டு வயது தாண்டியவர்கள் பால்வாடிக்கு. பெரியவள் நாளைக்கே பள்ளிக்கு.

பேதிக்குக் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கலக்குகிறேன். சரிதானே?
– ஒரு தந்தை, குன்னம்

தப்பு. ஒரு பொட்டலம் முழுசும், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரே தடவையில். மறுநாள் மிச்சத்தைக் கொட்டுங்கள். துத்தநாக மாத்திரை பதினாலு நாள்; மூணாம் நாள் பேதி நின்றாலும் பதினாலு நாள். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புத் தண்ணீர் இதற்கு மாற்று இல்லை.

என் கொள்ளுப் பேத்திக்குச் சேனை வைக்க விடமாட்டேன் என்கிறாள் பேத்தி. நாங்கள் அத்தனை பேருக்கும் வைத்தோம், செத்தா போனோம்?
– ஒரு பாட்டி, உடையார்பாளையம்

செத்தவர்கள் கடிதம் எழுத மாட்டார்கள் பாட்டி.

கோபப்படாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு முதல் ருசி சீம்பால்தான். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடாது. வசம்பைக் கையில் கட்டிக்கொள்ளட்டும், உரைத்து ஊட்டாதீர்கள். தொக்கம் எடுக்கிறேன் என்று யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கு வேறு பெரிய வேலை இருக்கிறது: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தாலாட்டுவது, கதை சொல்வது. அதை எந்த டாக்டரும் செய்ய முடியாது.

எங்கள் பால்வாடி லாரி ரோட்டோரம். சுண்ணாம்புக்கல் தூசி சோற்றில் விழுகிறது. யாரிடம் சொல்வது?
– ஒரு வார்டு உறுப்பினர், அரியலூர் ஒன்றியம்

உடனே செய்ய வேண்டியது: ரோட்டுப் பக்க ஜன்னலுக்குத் திரை, பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, தண்ணீர்ப் பானைக்கும் சோற்றுக்கும் மூடி.

அடுத்தது உங்கள் கையில்தான் இருக்கிறது. கல் வெட்டும் நிறுவனங்கள் கட்டும் பணத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது, மாவட்ட ஆட்சியர் தலைமையில். சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கான பணம் அது. குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலன் இவற்றுக்கு முன்னுரிமை. கிராம சபையில், ‘மையத்துக்குச் சுற்றுச்சுவர், உள்பக்கம் தள்ளிச் சமையலறை’ என்று தீர்மானம் போட்டு, எழுதி, கையெழுத்து வாங்கி மனு கொடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் மிட்டாய் கொடுத்துவிட்டுக் கலைந்தால் தூசிதான் மிச்சம்.

பதிவேடு, போனில் போஷன் டிராக்கர் செயலி, பக்கத்து மையத்துக்கும் கூடுதல் பொறுப்பு. நீங்கள் எடை, எடை என்று எங்களையே திட்டுகிறீர்கள். எப்போதுதான் பிள்ளையைப் பார்ப்பது?
– ஒரு டீச்சர், பெரம்பலூர் மாவட்டம்

திட்டியிருந்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் தங்கச்சி. நானும் ஒரு மாதம், உடம்பு முடியாமல், அடுப்படியில் உட்கார்ந்து போன மாத எடையோடு நூறு நூறு கிராம் கூட்டி எழுதியவள்தான். அதில் ஒரு பிள்ளை அந்த மாதம் மஞ்சளுக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் தராசில் வைத்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கணக்கு இன்னும் என் மனசில் இருக்கிறது.

எல்லாப் பிள்ளையையும் ஒரே நாளில் போடாதீர்கள். நாளைக்கு ரெண்டு தெரு போதும். பத்தாவது படித்த ஒரு தாயை எழுத உட்கார வையுங்கள். ஒரு கிழவியைப் பேச உட்கார வையுங்கள். ஒரே டீச்சருக்கு ரெண்டு மையம் ஏன் என்று கேட்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் ஊர்.

பால்வாடிக்கு அனுப்பினால் சொந்தக்காரர்கள் கேவலமாகப் பார்க்கிறார்கள். ப்ரீகேஜியில் சேர்த்துவிடலாமா?
– ஒரு தந்தை, பெரம்பலூர்

சொந்தக்காரர்கள் பிள்ளைக்குச் சுடுசோறும் முட்டையும் போடுவார்களா?

பிள்ளையின் எடை அட்டையை எலி கடித்துவிட்டது. புதிது கிடைக்குமா?
– ஒரு தாய், திருமானூர்

கிடைக்கும். டீச்சரின் பதிவேட்டிலிருந்து பழைய எடைகளை ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். வெறும் அட்டை வாங்கிவராதீர்கள். இனி அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம். அடுப்பங்கரைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள், சாப்பிட உட்காரும் பிள்ளையின் அப்பா கண்ணுக்கு நேராக.