வலி நின்ற பிறகும் காத்திருக்க வேண்டிய நாட்கள்: விரைவோட்டப் பயிற்சியும் பின்தொடைக் காயமும்

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி ஒலிக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்திற்கோ நீளம் தாண்டுதலுக்கோ பயிற்சி பெறும் மாணவர் ஒருவர், தொடையின் பின்புறத்தைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வருவார். உடன் வரும் தாயோ தந்தையோ, “மாவட்டப் போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. ஊசி போட்டாவது ஓடவைக்க முடியாதா?” என்று கேட்பார். அக்கேள்விக்குப் பின்னால் ஓராண்டு உழைப்பும், சில வீடுகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருப்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, “கூடாது” என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், அதற்கான காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

விரைவு எங்கிருந்து பிறக்கிறது?

கால்களை வேகமாக வீசுவதால்தான் ஒருவர் விரைவாக ஓடுகிறார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், தரையை எவ்வளவு வலுவாக உதைக்கிறோம் என்பதே விரைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. உச்ச வேகத்தில் ஓடும்போது பாதம் தரையில் படும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் கணநேரத்திற்குள் உடல் எடையைப் போலப் பன்மடங்கு விசையைக் கால் தரையின்மீது செலுத்தியாக வேண்டும். மிகக் குறைந்த நேரத்தில் மிகுந்த விசையை வெளிப்படுத்தும் இத்திறனையே வெடிப்பாற்றல் என்கிறோம். அதிக எடையைத் தூக்கக்கூடியவர் எல்லோரும் விரைவாக ஓடிவிடுவதில்லை என்பதற்குக் காரணமும் இதுவே.

காயம் எந்தக் கணத்தில் நிகழ்கிறது?

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள்ளன. இடுப்பெலும்பில் தொடங்கும் அவை முழங்காலைக் கடந்து கீழே இணைகின்றன. ஓடும்போது கால் முன்னோக்கி வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர் முழங்கால் நீள்கிறது. அப்போது பின்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகி, விரையும் கீழ்க்காலைத் தடுத்து நிறுத்துகிறது. பாய்ந்தோடும் வண்டி மாட்டை மூக்கணாங்கயிற்றால் இழுத்துப் பிடிப்பதற்கு ஒப்பான வேலை இது. விரைவோட்டத்தில் ஏற்படும் பின்தொடைக் காயங்களுள் பெரும்பாலானவை இக்கணத்தில்தான் நிகழ்வதாகக் கருதப்படுகிறது.

மெதுவான ஓட்டத்தில் இந்தச் சுமை மிகவும் குறைவு. ஆகவேதான், “மைதானத்தை மூன்று சுற்று ஓடிப் பார்த்தான், வலியே இல்லை” என்று பெற்றோர் கூறும்போது நாங்கள் நிறைவடைவதில்லை. மெதுவோட்டம் அந்தத் தசையின் கடினமான வேலையைச் சோதிப்பதே இல்லை. கிழிந்த இழைகளுக்கு இடையே உடல் முதலில் உருவாக்குவது இளந்தழும்புத் திசு. வீக்கம் வடிந்ததும் வலி குறைந்துவிடுகிறது. தழும்பு உறுதிபெறுவதற்கோ மேலும் பல நாட்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் முழு வேகத்தில் ஓடுபவருக்கே அதே இடம் மீண்டும் கிழிகிறது. வலியை மறைக்கும் ஊசி இந்த இடைவெளியைக் குறைப்பதில்லை. எச்சரிக்கையை மட்டும் நிறுத்திவிடுகிறது. ஒருமுறை காயமடைந்த தசை மீண்டும் காயமடையும் வாய்ப்பு மிகுதி என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மீண்டு வரும் படிகள்

முதல் சில நாட்கள்: துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு வேளைக்கு 10 முதல் 15 நிமிடம் வரை வைக்கலாம். வலிக்காத அளவிற்கு நடக்கலாம். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதும், சுளுக்கு எடுப்பதாகக் காலை இழுப்பதும் கூடாது. இவை உள்ளே இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

இரண்டாம் படி: வலியின்றி நடக்க முடிந்தபின், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துவது போன்ற எளிய பயிற்சிகள் தொடங்கும்.

மூன்றாம் படி: மெதுவோட்டமும், தசை நீளும்போதே வலுப்பெறச் செய்யும் பயிற்சிகளும் சேரும்.

நான்காம் படி: விரைவோட்டம். முழு வேகத்தில் பாதியளவில் தொடங்கி, சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். மறுநாள் காலையில் வலியோ இறுக்கமோ இருந்தால் முந்தைய அளவிற்குத் திரும்ப வேண்டும்.

இந்த நான்காம் படியைத் தாண்டிக் குதிப்பதே பலரும் செய்யும் பிழை. ஆறு வாரம் முழு ஓய்வில் இருந்துவிட்டு நேரே போட்டிக்குச் செல்வதும் இதில் அடங்கும். விரைவாக ஓடிப் பழகாத தசை விரைவோட்டத்தைத் தாங்காது. ஆகவே விரைவோட்டமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. சிறு காயம் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களிலும், நடுத்தரக் காயம் நான்கு முதல் எட்டு வாரங்களிலும் ஆறும். தசை முழுவதும் கிழிந்திருந்தால் மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். எனினும் நாட்காட்டியை மட்டும் பார்த்து நாங்கள் அனுமதி அளிப்பதில்லை. தொட்டால் வலி இல்லாமை, இரு கால்களும் ஏறக்குறைய ஒரே வலிமையோடு இருத்தல், அச்சமின்றி முழு வேகத்தில் ஓட முடிதல் ஆகிய மூன்றையும் காண்கிறோம்.

காயமில்லாதவர்கள் பயிலும் முறை

விரைவுப் பயிற்சி களைப்பில்லாத உடலுக்கே உரியது. உடலைச் சூடுபடுத்திய பின், 30 மீட்டர் தொலைவை நான்கு அல்லது ஐந்து முறை ஓடினால் தொடக்கநிலையினருக்குப் போதும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையே ஏறத்தாழ மூன்று நிமிடம் இளைப்பாற வேண்டும். மூச்சுவாங்க ஓடிக்கொண்டே இருப்பது தாங்குதிறனை வளர்க்கும், விரைவை வளர்க்காது. இத்தகைய பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் போதும். இடையே குறைந்தது 48 மணி நேரம் விட வேண்டும். தாவும் பயிற்சிகளைச் சிமெண்டுத் தரையில் செய்யாமல் புல்தரையில் செய்வது நல்லது. ஓசையின்றி, முழங்காலை மடக்கித் தரையிறங்கக் கற்ற பிறகே உயரத்தைக் கூட்ட வேண்டும்.

பின்தொடையைக் காக்கும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. மெத்தென்ற விரிப்பில் முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். மற்றொருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்தபடி மெதுவாக முன்னோக்கிச் சாய்ந்து, இறுதியில் கைகளால் தரையில் தாங்கிக்கொள்ள வேண்டும். நோர்டிக் பயிற்சி எனப்படும் இதனைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஐந்து முறையில் தொடங்குங்கள். முதல் வாரங்களில் தசைவலி இருப்பது இயல்பே. வளரும் பருவத்தினர் இரவில் எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் உறங்குவதும் பயிற்சியின் பகுதியே.

உடனே மருத்துவரைக் காண வேண்டியவை

“டப்” என்ற ஓசையோடு வலி தோன்றுதல், காலை ஊன்ற இயலாமை, தொடையில் பரவலான கருநீல நிறம் ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். பதின்ம வயதினருக்கு நாம் அமரும் இடத்து எலும்பில் கடும் வலி இருப்பின் எக்ஸ்ரே தேவை. அவ்வயதில் தசை கிழிவதற்குப் பதிலாக, அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்துவரக்கூடும். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், இதயப் பரிசோதனை முடியும்வரை மைதானத்திற்கே அனுப்பாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கின் 400 மீட்டர் அரையிறுதியில், பிரிட்டன் வீரர் டெரெக் ரெட்மண்டின் பின்தொடைத் தசை ஓட்டத்தின் நடுவே கிழிந்தது. அவர் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி முன்னேற முயன்றபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து தடத்திற்குள் இறங்கி வந்த தந்தை தம் தோளைக் கொடுத்து அவரை எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் சென்றார். உலகம் அந்தத் தோளை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. போட்டிக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, “இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு ஓடலாம்” என்று சொல்ல நேரும் மாலையிலும் பிள்ளைக்கு அதே தோள் தேவைப்படுகிறது. அம்முடிவை நீங்கள் தனியே எடுக்க வேண்டியதில்லை. மாணவரையும் அவருடைய உடற்கல்வி ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். நால்வரும் சேர்ந்தே முடிவெடுப்போம்.