இரத்தக் குழாய் அழற்சியும் சிறுநீரகமும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரை நம் கரையோரக் கிராமங்களில் எவருக்கேனும் சிறுநீரகம் பழுது என்றால், "தண்ணீர் பிழை" என்று சொல்லிவிடுவது வழக்கம். 1990களில் அநுராதபுரப் பகுதி விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட சிறுநீரக நோய் அப்படி நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய்கள் பல. அவற்றுள் ஒன்று இரத்தக் குழாய் அழற்சி. இது அரிதான நோய். காலத்தோடு கண்டால் கட்டுப்படுத்தலாம். பிந்தினால் சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு. நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீர் இவற்றில் வடிகிறது; அதில் ஒன்றிரண்டு லீற்றரே சிறுநீராகிறது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படை வழிதவறி இக்குழாய்களையே தாக்கும்போது, அவற்றின் சுவர்கள் வீங்கிச் சிதைகின்றன. கண்ணறுந்த வலையில் மீன் நழுவுவதுபோல, இரத்தமும் புரதமும் சிறுநீரில் கசிகின்றன.

அறிகுறிகள் யாவை? வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், உடல் மெலிவு, மூட்டுவலி, மூக்கிலிருந்து இரத்தம், கால்களில் செந்நிறப் புள்ளிகள். சிலருக்கு இருமலில் இரத்தம் வரும்; அதைச் சயரோகமென்று எண்ணிவிடுவதுமுண்டு. சிறுநீர் பிளேன்ரீ நிறமாகலாம், நுரைக்கலாம். சிறுநீரகத்தில் நோவு தோன்றாததால் பலர் ஏமாந்துவிடுகின்றனர்.

சிறுவர்களுக்கு வரும் ஒருவகை, பெரும்பாலும் தடிமன், தொண்டை நோவுக்குப் பின் தோன்றும். கால்களில் புள்ளிகளும் வயிற்று வலியும் காணப்படும். பெரும்பாலான பிள்ளைகள் சுகமடைகின்றனர். ஆயினும் புள்ளிகள் மறைந்தபின்னும் ஆறு மாதம்வரை சிறுநீரைப் பரிசோதிப்பது அவசியம்.

பெரியவர்களுக்கு வரும் கடுமையான வகையில், சிகிச்சை பெறாதோர் சராசரியாக ஐந்து மாதமே உயிர் வாழ்ந்தனர் என 1958இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 1970களில் ஸ்டீரொயிட் மருந்துடன் சைக்ளோபொஸ்பமைட் சேர்த்துக் கொடுக்கப்பட்டபின் நிலைமை மாறியது. இன்று பெரும்பாலானோரில் நோய் அடங்குகிறது. ஆனால் தழும்பாகிப்போன வடிகளை எம்மருந்தாலும் மீட்க முடியாது.

ஆகவே இவ்வறிகுறிகள் கண்டவுடன் புத்தளம், சிலாபம் போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சிறுநீரையும் இரத்தத்தில் கிரியற்றினின் அளவையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். மூட்டுவலிக்கென நீங்களாகவே கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அவற்றுட் பல சிறுநீரகத்துக்கு மேலும் கேடு செய்யும். சுகம் கண்டதும் மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தே. ஒரு சிறு போத்தல் சிறுநீரைப் பரிசோதிப்பதால் ஒரு குடும்பத்தின் உழைப்பாளியைக் காப்பாற்றலாம்.